அறுபத்திரண்டு இடங்களில் ஏழு பெண்கள்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்தேன் என்றீர்கள், முகத்திலேயே தெரிகிறது. காப்பி போடச் சொல்கிறேன்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. உங்கள் குழு அனுப்பிய கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டேன். நமக்கும் இலங்கைக்கும் நடுவில் கிடக்கிற இந்தக் கடல் எப்படி இருக்கிறது என்று இரண்டு நாட்டுக்காரர்களும் சேர்ந்து மூன்றாவது முறையாகப் பார்க்கப் போகிறீர்கள். நல்ல காரியம். முதல் சுற்று என் பொறுப்பில் நடந்தது. அதனால் ஒரு வாக்கியத்தின் கீழே என் கையெழுத்து வேண்டும். "முதல் சுற்றின் பதிவுகள் களத்தில் நேரில் கண்டு எழுதப்பட்டவை, அவற்றில் பிழை இல்லை." அதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டிருக்கிறீர்கள். விளக்கம் ஏதேனும் சேர்ப்பதாக இருந்தால், அன்று உடன் இருந்த இன்னொருவரும் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். முறையான ஏற்பாடுதான். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

அந்த இரண்டாவது கோட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவசரமில்லையே?

எனக்கு ஒரு குறை உண்டு தம்பி. பெரிய குறை இல்லை. புன்னைவலசையில் முத்துராக்கு என்று ஒருத்தி இருக்கிறாள். கடலில் பாசி எடுக்கிறவள். எடுத்தவள். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்த வீட்டுக்கு வந்தவள். இதோ இந்தக் கூடத்தில், அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு கால் நீட்டி உட்காருவாள். அதற்குப் பிறகு பதினைந்து வருஷமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. நான் அவளுக்கு ஒரு கெடுதலும் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் இப்படி உட்கார்ந்து உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

முதலிலிருந்து வருகிறேன்.

அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. கல்லூரியில் தாவரவியல் துறைத் தலைவர். கடற்புல்லில் முப்பது வருஷம் வேலை செய்தவள் என்பதால் நம் பக்கத்து ஆய்வை என்னிடம் கொடுத்தார்கள். அக்கரையில் டாக்டர் தவமலர், யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு பேருக்கும் ஒரே படிவம். நம் பக்கத்தில் அறுபத்திரண்டு இடம், அவர்கள் பக்கத்தில் அறுபத்திரண்டு இடம். ஒவ்வொரு இடத்திலும் அரை மீட்டர் சதுரமாகக் குழாய்ச் சட்டம் ஒன்றைக் கடலடியில் வைத்து, அதற்குள் எவ்வளவு புல், எவ்வளவு மணல், நீர் எவ்வளவு தெளிவு என்று எழுத வேண்டும். கடைசியில் இந்தக் கடலுக்கு ஒரு மதிப்பு: நலம், நடுத்தரம், நலிவு. மூன்றில் ஒன்று.

அந்தப் படிவத்தில் ஒன்பதாவது கட்டம் என் யோசனை. "இடத்தில் காணப்பட்ட மனித நடமாட்டம்." மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். நான்தான் வாதாடிச் சேர்த்தேன். கடல் தானாக நோய்ப்படுவதில்லை, மனிதன் என்ன செய்கிறான் என்று பக்கத்திலேயே எழுதாவிட்டால் மதிப்பீடு அரைகுறை என்றேன். தவமலர்கூடப் பாராட்டினார்.

தண்ணீருக்குள் இறங்கிச் சட்டம் பிடிக்க ஆள் வேண்டும். ஆராய்ச்சி மாணவர்கள் மார்பளவுத் தண்ணீர் வந்ததும் முகம் வெளுத்தார்கள். அப்போதுதான் படகோட்டி பிச்சை சொன்னான், எங்கள் ஊர்ப் பெண்களைக் கூட்டிப் போங்கள், அவர்கள் கரையில் நடப்பதைவிடக் கடலில் நன்றாக நடப்பார்கள் என்று. ஏழு பேர் வந்தார்கள். சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை, கண்ணுக்கு ரப்பர் பட்டை வைத்த கண்ணாடி, விரல்களில் சுற்றிய கிழிசல் துணி, இடுப்பில் வலைப்பை. அவர்களுக்குத் தலைவி முத்துராக்கு. நாற்பத்தொன்பது வயது. ஒல்லி. சிரித்தால் தண்ணீர் அதிரும்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் மரியாதை கிடையாது. அலைச் சத்தத்தில் நீட்டி முழக்க முடியாது, ஆபத்து என்றால் ஒரே சொல்லில் கத்த வேண்டும். அதனால் மாமியாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். படகில் இருக்கும்வரை நான் டீச்சர். "டீச்சர், பாத்து உக்காருங்க. டீச்சர், வெயில் படுது, முந்தானையைப் போட்டுக்கிருங்க." தண்ணீரில் கால் வைத்ததும்,

"ஏத்தா! காலைத் தூக்கி வைக்காத. தேச்சுக்கிட்டு வா. அடியில திருக்கை கெடக்கும்."

முதல் நாள் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருஷம் எல்லோரும் எழுந்து நின்ற வகுப்பறை என்னுடையது. அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா, அந்த 'ஏத்தா'வுக்காகவே நான் சீக்கிரம் இறங்க ஆரம்பித்தேன். அம்மா போன பிறகு என்னை அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அவளுக்குப் பாதம்தான் கண். இந்த வடகடலில் காற்றுத் திரும்பினால் தண்ணீர் கலங்கிவிடும், சட்டம் வைத்தாலும் உள்ளே ஒன்றும் தெரியாது. அவள் அப்படியே நின்று பாதத்தை இரண்டு தரம் அழுத்துவாள். "முக்கால் தாழை. கால் மணலு. தாழையில பாதி பட்டுப்போனது." புல்லை அவர்கள் தாழை என்பார்கள். நான் நம்பவில்லை. தெளிந்த தண்ணீரில் அவள் கண்ணைக் கட்டிப் பன்னிரண்டு இடத்தில் சோதித்தேன். சட்டத்தில் நான் எண்ணியதும் அவள் சொன்னதும் நூற்றுக்கு மூன்று நான்குதான் வித்தியாசம். அதற்குப் பிறகு கலங்கிய இடங்களில் அவள் பாதம் சொன்னதைத்தான் எழுதினேன். படிவத்தில் 'பார்வையால்' என்றுதான் அச்சடித்திருந்தது. பாதத்துக்குக் கட்டம் இல்லை.

நடுநடுவே, நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் கை சும்மா இருக்காது. பக்கத்துக் கல்லில் இருக்கிற கஞ்சிப் பாசியை இரண்டு பிடி பறித்து வலைப்பையில் போட்டுக்கொள்வார்கள். நான் கண்டிக்கவில்லை. நாங்கள் கொடுத்த கூலி குறைவு.

முதல் நாள், முதல் இடம். படகில் ஏறி உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாவது கட்டத்துக்கு வந்தேன். சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை ஒரு வலைக்காரர் இல்லை. இருக்க மாட்டார்கள். எங்கள் கொடி கட்டிய படகைக் கண்டால் நாட்டுப்படகுகள் வழி விட்டு ஒதுங்கிப் போய்விடும். வாரத்தில் விசைப்படகு வருகிற மூன்று நாளும் நாங்கள் கடலுக்குப் போவதில்லை. கடலடியை வாரிக்கொண்டு போகிற இழுவைமடி குறுக்கே வந்தால் தண்ணீரில் நிற்கிறவர்கள் கதி என்ன? பாதுகாப்புக்காக நானே வகுத்த விதி அது. ஆக, அந்த இடத்தில் மனித நடமாட்டம் என்று கண்ணுக்குத் தெரிந்தது எது? தண்ணீரில் நின்ற பெண்கள். கண்டதை எழுது என்பதுதான் விதி. எழுதினேன்: 'பாசி எடுக்கும் பெண்கள், 7.'

முத்துராக்கு எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எண் தெரியும்.

"இந்த ஏழு என்ன டீச்சர்?"

"நீங்கள் ஏழு பேர்."

"எங்களையா எழுதிருக்கீக?" அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திரும்பிக் கத்தினாள். "ஏ செல்லத்தா, நம்ம கணக்குல ஏறிட்டமுடி! கவர்மெண்டுத் தாள்ல நம்ம இருக்கோம்!"

"போட்டோ ஒட்டிருக்கா பாரு" என்றாள் செல்லத்தா.

"ஒன் மூஞ்சிக்குப் போட்டோ ஒண்ணுதான் கொறை."

அன்றிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் படகில் ஏறியதும் முதல் கேள்வி அதுதான். "ஏழு போட்டாச்சா டீச்சர்?" நான் மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள். ஒரு நாள் செல்லத்தா காய்ச்சல் என்று வரவில்லை. நான் ஆறு என்று எழுதினேன். முத்துராக்கு கெஞ்சினாள். "பாவம் டீச்சர், அவ பேரு விட்டுப்போயிரும். ஏழே போடுங்க." நான் போடவில்லை. கண்டதைத்தான் எழுதுவேன், காணாததை எழுத மாட்டேன் என்றேன். உங்கள் கோப்பில் பாருங்கள், முப்பத்தொன்று முதல் முப்பத்து நான்குவரை ஆறுதான் இருக்கும். அவ்வளவு கறாராக எழுதியவள் நான்.

இந்தாருங்கள், காப்பி. சூடாக இருக்கிறது, பார்த்து.

அறிக்கை வந்தது. அழகான தாள். நடுப்பக்கத்தில் கடலின் வரைபடம். மதிப்பு: நடுத்தரம், நலிவை நோக்கி. புல் பத்தில் நான்கு பங்குதான் மிச்சம். காரணங்கள் என்ற இடத்தில் ஒன்பதாவது கட்டத்தைப் படமாகப் போட்டிருந்தார்கள். மனித நடமாட்டம் கண்ட இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. அக்கரையில் புள்ளியே இல்லை. அவர்கள் ரோந்துப் படகின் துணையோடு போனவர்கள், பக்கத்தில் யார் வருவார்கள்? நம் பக்கத்தில் அறுபத்திரண்டு சிவப்புப் புள்ளி. பார்த்தால் அம்மை போட்ட மாதிரி. 'இக்கடற்பரப்பில் மிகப் பரவலாகக் காணப்படும் அழுத்தம்: பாசி சேகரிக்கும் பெண்கள்.'

மேடையில் என்னைப் பாராட்டிச் சால்வை போர்த்தினார்கள். அந்த வரியை அப்போது நான் படிக்கவில்லையா என்று கேட்பீர்கள். படித்தேன். புள்ளிவிவரப்படி அது சரியாகத்தான் இருந்தது தம்பி. அதுதான் கஷ்டம்.

மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது. கரையை ஒட்டிய தாழைப் படுகைகளிலும் திட்டுகளைச் சுற்றியும் பாசி எடுக்கத் தடை. முத்துராக்குவையும் நான்கு பேரையும் கரையில் வைத்துப் பிடித்து, கண்ணாடியையும் வலைப்பையையும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் இங்கே வந்தார்கள். முத்துராக்கு தூணில் சாயவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

"டீச்சர், கூட்டம் போட்டு எங்களக் கேக்கப் போறாகளாம். நீங்களும் வருவீகளாம்ல?"

"ஆமாம். என்னையும் அழைத்திருக்கிறார்கள்."

"அப்பச் சரி." பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "நான் சொல்லல? டீச்சர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். டீச்சர், நாங்க அங்கிட்டு எல்லா எடத்துக்கும் பாசி எடுக்கப் போற ஆளுக இல்ல. எங்களுக்குக் கரையோரம் நாலு கல்லு, அவ்வளவுதான். மத்த எடத்துக்கெல்லாம் நீங்க கூப்பிட்டுத்தான் வந்தோம். அதை மட்டும் சொல்லிருங்க."

"உண்மையைச் சொல்கிறேன்" என்றேன்.

"அது போதும்" என்று சிரித்தாள். போகும்போது வாசலில் நின்று, "ஏழு பேரு வந்தோம்னு எழுதிக்கிருங்க டீச்சர்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமக்கள் உட்காருகிற மேடையில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். அதற்கு அடுத்த வாரம் இரண்டு நாட்டாரும் சேர்ந்து அறிக்கையை ஏற்றுக் கையெழுத்திடுவதாக இருந்தது. தவமலர் தொலைபேசியில் சொல்லியிருந்தார், "அக்கா, உங்கட பக்கத்துக் கணக்கில ஒரு கட்டம் ஆடினாலும் எங்கட பக்கத்தையும் ஒருத்தரும் நம்பமாட்டினம். ஏழு வருஷப் பாடு." பயமுறுத்தச் சொல்லவில்லை. நல்ல பெண். உள்ளதைச் சொன்னார்.

அதிகாரி என்னிடம் மூன்று கேள்வி கேட்டார்.

"இந்தப் பெண்களை நீங்கள் நேரில் கண்டீர்களா?"

"கண்டேன்."

"அவர்கள் பாசி எடுத்தார்களா?"

இரண்டு பிடி, மூன்று பிடி. எடுக்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? "எடுத்தார்கள்."

"படிவத்தில் பிழை ஏதாவது உண்டா?"

தம்பி, எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யார் கூட்டிப் போனது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் அதைக் கேட்கவில்லை. பிழை உண்டா என்று கேட்டார். பிழை என்று நான் சொன்னால் ஒன்பதாவது கட்டம் போகும். ஒன்று போனால் மற்ற எட்டும் போகும். அந்த எட்டில்தான் புல் இருக்கிறது, அதை மேய்கிற கடற்பசு இருக்கிறது, இந்தக் கடலே இருக்கிறது.

"பிழை இல்லை" என்றேன்.

முத்துராக்கு பெண்கள் வரிசையிலிருந்து எழுந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. குரல்தான் வந்தது. கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"டீச்சர், எங்களை எழுதுனீக, சரி. நீங்களும் எங்ககூட இடுப்பளவு தண்ணியில நின்னீக. உங்களை எங்க எழுதுனீக?"

மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். நான் பதில் சொன்னேன், "எழுதுகிறவரை எழுதுவது முறையில்லை" என்று. ஆய்வு முறைப்படி அதுதான் சரியான பதில். இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன், வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

தடை நிலைத்தது. செல்லத்தா திருப்பூருக்குப் போய்விட்டாள், மகனோடு. இரண்டு பேர் செங்கல் சூளைக்கு. ஒருத்தி இறந்துவிட்டாள். முத்துராக்கு மீன் கம்பெனிக் கொட்டகையில் கணவாய் சுத்தம் செய்யப் போனாள். மற்ற இருவரைப் பற்றித் தெரியவில்லை. நான் இரண்டு முறை ஆள் அனுப்பினேன், வீட்டுக்கு வரச் சொல்லி. வரவில்லை. ஒருமுறை சந்தையில் பார்த்தேன். "நல்லா இருக்கீகளா மேடம்?" என்றாள். மேடம்! அந்த அதிகாரிகளைக் கூப்பிடுகிற மாதிரி. நான் நடுச்சந்தையில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்மேல் கோபம் இருந்தால் திட்டலாம். சண்டை போடலாம். அவளுக்கு வாய் இல்லையா? எனக்கு அதுதான் குறை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அவள். திரும்ப ஒரு முறை வந்து கேட்டிருந்தால் நான் என்ன, மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்?

நான்கு வருஷம் கழித்து இரண்டாம் சுற்று. அப்போது மூச்சுக் குழாய் கட்டிய பையன்களை வெளியூரிலிருந்து கூட்டி வந்தார்கள். அதே அறுபத்திரண்டு இடம். விசைப்படகு வராத அதே நாட்கள், என் விதியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒன்பதாவது கட்டத்தில் எல்லா இடத்திலும் சுழி. ஒரு பெண் இல்லை. புல் பத்தில் இரண்டு பங்காகியிருந்தது. மதிப்பு: நலிவு. தடை முழுமையாக நடைமுறைக்கு வராததே காரணம் என்று எழுதினார்கள். ஆலோசகர் என்ற முறையில் நானும் ஒப்புக்கொண்டேன். சுழி என்று கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார்கள், பிறகு எப்படி முழுமையாக வரவில்லை என்கிறோம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது தோன்றியது. தட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்ததும் முடிவு செய்தேன். மூன்றாம் சுற்றில் தடை நீடிப்பதா வேண்டாமா என்றும் பார்ப்பீர்கள் என்று போட்டிருந்ததே. ஒரு விளக்கக் குறிப்பு எழுதினேன். திருத்தம் இல்லை, விளக்கம். இதோ இருக்கிறது, படிக்கிறேன்: "முதல் சுற்றில் பதிவான பெண்களுள் சிலர் ஆய்வுக் குழுவினருக்கு உதவும்பொருட்டு அங்கே வந்தவர்களாகவும் இருந்திருக்கக்கூடும்." நன்றாக வந்திருக்கிறது இல்லையா? மூன்று நாள் யோசித்து எழுதினேன். யாருக்கும் பாதிப்பு இல்லை, உண்மையும் வெளியே வந்துவிடுகிறது.

இதற்கு இன்னொருவர் ஒப்புதல் வேண்டும். பிச்சை போய்ச் சேர்ந்துவிட்டான். ஊரில் மிச்சம் இருப்பது அவள்தான். போன வியாழக்கிழமை புன்னைவலசைக்குப் போனேன். பஸ்ஸில்தான் போனேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு.

கொட்டகை வேலை முடிந்து வீட்டு வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அறுபத்தாறு ஆகிறது. தலை பஞ்சு. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க மேடம். உக்காருங்க."

பக்கத்து வீட்டில் சொல்லிக் காப்பி வரவழைத்தாள். "சீனி போடாதடி, அவுகளுக்குச் சீனி ஆகாது" என்றாள். "கால்ல ஆணி இருந்துச்சே மேடம், எடது பாதத்துல, சரியாப் போச்சா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

குறிப்பைப் படித்துக் காட்டினேன். மெதுவாக, நிறுத்தி. அவள் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டாள்.

"சிலர்னா யாரு மேடம்?"

"நீங்கள்தான்."

"நாங்க ஏழு பேருல்ல?"

"அறிக்கையில் அப்படி எழுதுவது வழக்கம்."

"சரி. இருந்திருக்கக்கூடும்னு ஒண்ணு வருதே?"

"அதுவும் வழக்கம்தான் முத்துராக்கு. அடித்துச் சொன்னால் நூறு கேள்வி கேட்பார்கள். நீ இங்கே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், உனக்குத்தான் நல்லது."

அவள் தாளை வாங்கவில்லை. கை ஈரம் என்று நினைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே மேடம்" என்றாள்.

"என்ன ஞாபகம் இல்லை?"

"அந்த எடமெல்லாம். உங்ககூட வந்தது, போனது. ரொம்ப வருசம் ஆச்சு. ஒண்ணும் ஞாபகம் வரல."

நான் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். செல்லத்தா காய்ச்சலில் படுத்த நாள். கண்ணைக் கட்டி நடந்த நாள். ஏழு போட்டாச்சா என்று கேட்பாயே என்றேன். எல்லாவற்றுக்கும் தலையை இப்படி ஆட்டினாள், பாவம், இல்லை, இல்லை என்று. முகத்தில் ஒரு கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கரை வழியாக என்கூட நடந்து வந்தாள். கையைப் பிடிக்கவில்லை, ஆனால் மணலில் நான் தடுமாறினால் பிடிக்கிற தூரத்திலேயே வந்தாள். ஒருவன் தன் சிறு வத்தைப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும், "அத்தே, வடக்க கல்லுப் பக்கம் வலை விடலாமா?" என்றான்.

நடையை நிறுத்தாமலே சொன்னாள். "மேக்க தள்ளி விடு. கல்லை ஒட்டிப் பத்துப் பாகத் தூரம் மணலு, அதுக்கங்கிட்டு ஒரு பள்ளம். முன்ன முக்கால் தாழை கெடந்த எடம். இப்ப வெறும் சேறு, வலை மாட்டிக்கிரும்."

அது எங்கள் ஐம்பத்து மூன்றாம் இடம் தம்பி. பஸ்ஸில் உட்கார்ந்து பழைய நோட்டைப் புரட்டினேன். முக்கால் தாழை என்றுதான் என் கையெழுத்தில் இருக்கிறது.

வயதானால் அப்படி ஆவதுண்டாம். படித்திருக்கிறேன். தானாக வாய்க்கு வரும், கேட்டால் வராது. என் சீனியும் ஆணியும்கூட அப்படித்தான் வந்திருக்கும். உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா? அவர்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறதா?

இருக்கும் தம்பி. இருக்கும் என்று சொல்லுங்கள்.